சாக முடியாத ஹாரி: சோலாரிஸ் கடல் செய்த மனித நகலின் உள்ளமைப்பு

அந்த வெள்ளை உடையின் முன்பக்கத்தில் வரிசையாகச் சிவப்புப் பொத்தான்கள். ஆனால் ஒன்றையும் கழற்ற முடியாது. பொத்தான் துளை கிடையாது, ஜிப் கிடையாது, கொக்கியோ முடிச்சோ எங்குமே இல்லை. கழற்ற வேண்டுமானால் வெட்டத்தான் வேண்டும். அப்படியானால் இவள் இதை எப்படிப் போட்டுக்கொண்டாள்? போட்டுக்கொள்ளவே இல்லை. உடையும் உடலும் சேர்ந்தே, ஒரே வீச்சில் உண்டானவை.

போலந்து எழுத்தாளர் ஸ்தனிஸ்லாவ் லெம் 1961இல் வெளியிட்ட 'சோலாரிஸ்' நாவலில் வரும் ஹாரிதான் அவள். வேற்றுலக உயிர் மனிதரை நகலெடுக்கும் கதைகள் அறிவியல் புனைவில் நிறைய உண்டு. ஜாக் ஃபின்னி 1955இல் எழுதிய நாவலில் விதைக்கூடுகளிலிருந்து வளரும் நகல் மனிதர்கள் ஓர் ஊரையே பிடித்துக்கொள்கிறார்கள். அவர்களுக்கு ஆயுள் மிஞ்சினால் ஐந்து வருடம். ஸ்த்ருகாட்ஸ்கி சகோதரர்களின் 1972ஆம் ஆண்டு நாவலில், வேற்றுலகவாசிகள் வந்துபோன இடத்துக்குப் பக்கத்துக் கல்லறையிலிருந்து செத்தவர்கள் எழுந்து அவரவர் வீட்டுக்கு நடந்து வருகிறார்கள். வெட்டிப்போட்ட உறுப்புகூட உயிரோடு இருக்கும், ஆனால் பேச்சும் நினைப்பும் அநேகமாகக் கிடையாது. ஹாரி இந்த இரண்டு வகையிலும் சேரமாட்டாள். அவளால் சாக முடியாது. அதே நேரத்தில் யோசிக்கிறாள், பயப்படுகிறாள், தான் யார் என்று கேட்கிறாள். அறுபது வருடங்களுக்குப் பிறகும் இவளைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பதற்குக் காரணம் அதுதான்.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. போலிஷ் மூலத்தில் அவள் ஹாரெய். நாவலை வைத்து எடுத்த ரஷ்யப் படத்தில் ஹாரி, இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். 1970இல் வந்த ஆங்கில மொழிபெயர்ப்பு நேராகப் போலிஷிலிருந்து செய்யப்பட்டதல்ல, பிரெஞ்சு வழியாக வந்தது. அதில் எழுத்துகளை இடம்மாற்றி ரேயா என்று ஆக்கிவிட்டார்கள். ஸ்னாவுட் என்ற பாத்திரம் அங்கே ஸ்னோ ஆனார். மூலத்திலிருந்து நேரடி ஆங்கில மொழிபெயர்ப்பு 2011இல்தான் வந்தது. ஆகவே ரேயா என்று எங்காவது படித்தால் குழம்ப வேண்டாம், இவளேதான்.

செய்த கடல்

ஹாரியின் சாகாத்தன்மையைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் முதலில் அவளைச் செய்த கடலைப் பார்க்க வேண்டும். சோலாரிஸ் ஒரு கோள். சிவப்பும் நீலமுமாக இரண்டு சூரியன்கள் அதற்கு. விட்டம் பூமியைவிட ஐந்தில் ஒரு பங்கு அதிகம். ஆங்காங்கே தலைகாட்டும் நிலத்தையெல்லாம் கூட்டினாலும் ஐரோப்பா அளவு வராது. மீதி முழுக்கக் கூழ்போன்ற கடல். இரட்டைச் சூரியன்களுக்கு நடுவே சிக்கிய கோளின் பாதை நிலைகொள்ளாமல் அலைய வேண்டும். சோலாரிஸின் பாதை அலையவில்லை. ஏன் என்று தேடிப்போன விஞ்ஞானிகளுக்குக் கிடைத்த விடை, அந்தக் கடலே ஈர்ப்புவிசையைத் திருத்திக் கோளைத் தன் பாதையில் நிறுத்தி வைத்திருக்கிறது என்பது. அதாவது நிலையில்லாத ஒன்றை இடைவிடாமல் தாங்கிப் பிடித்து நிலைநிறுத்துவது இந்தக் கடலுக்குப் பழகிய வேலை. நாவலின் தொடக்கத்தில் வானியல் தகவல்போலச் சொல்லிவிட்டுப் போகும் இந்த ஒரு விஷயம்தான் பின்னால் ஹாரியின் உடம்புக்கும் சாவி.

நகலெடுப்பதும் அதற்குப் புதிதல்ல. கடலின் மேற்பரப்பில் எழும் சில உருவங்களுக்கு ஆய்வாளர்கள் மிமாய்டு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் ஏதாவது பொருள் வந்தால் அதைப்போலவே இன்னொன்றைப் பெரிதாகச் செய்துகாட்டும். ஆனால் மனிதரையோ வேறு உயிரையோ அவை கண்டுகொள்வதில்லை. அதற்கு ஒரே ஒரு விதிவிலக்கு, பெர்ட்டன் என்ற விமானியின் சாட்சியம். கடலில் விழுந்து காணாமல்போன ஃபெக்னர் என்ற ஆய்வாளரைத் தேடிப் பறந்தபோது, நான்கு மீட்டர் உயரமுள்ள ஒரு குழந்தையை அலைமேல் பார்த்ததாகச் சொல்கிறார் பெர்ட்டன். அவரைக் குலைநடுங்க வைத்தது அதன் அளவல்ல, அசைவு. யாரோ ஒரு கருவியின் ஒவ்வொரு பாகத்தையும் தனித்தனியாக இயக்கிச் சோதிப்பதுபோலக் குழந்தையின் கைகால்கள் அசைந்தன. முகத்தின் ஒரு பாதி ஒரு உணர்ச்சியையும் மறுபாதி வேறொன்றையும் காட்டியது. விசாரணைக் குழு இதைப் பிரமை என்று ஒதுக்கிவிட்டது. பின்னாளில் ஒரு ஆய்வாளர் மட்டும், செத்துக்கொண்டிருந்த ஃபெக்னரின் மூளையைக் கடல் படித்து, அதிலிருந்த ஒரு குழந்தையைச் செய்துபார்த்திருக்கிறது என்று வாதிடுகிறார். பட்டறை மொழியில் சொன்னால் பெர்ட்டன் பார்த்தது முதல் மாதிரி. அளவு தப்பு, பாகங்களுக்குள் ஒத்திசைவு இல்லை. ஹாரி வரும்போது இரண்டு குறையும் சரியாகியிருக்கின்றன.

தூண்டுதல் மனிதர்களிடமிருந்துதான் வருகிறது. கடலுக்கு மேலே மிதக்கும் ஆய்வு நிலையத்திலிருந்து, ஐ.நா. தடையை மீறி, வலுவான எக்ஸ் கதிர்களைக் கடலுக்குள் பாய்ச்சுகிறார்கள். சில நாட்களில் நிலையத்தில் ஆட்கள் கூடுகிறார்கள். நிலையத்து விஞ்ஞானி ஸ்னாவுட் அவர்களை 'விருந்தாளிகள்' என்கிறார். அழைக்காமல் வந்து, அனுப்பினாலும் போகாத விருந்தாளிகள். அங்கிருந்த இன்னொரு விஞ்ஞானி கிபாரியன் தற்கொலை செய்துகொள்கிறார். அன்றே வந்திறங்குகிறார் உளவியலாளர் கிரிஸ் கெல்வின்.

விருந்தாளி எப்போது வருகிறார் என்பதில் ஒழுங்கு உண்டு. ஆள் தூங்க வேண்டும். விழித்திருக்கும்போது மனம் மூடிவைத்திருப்பது தூக்கத்தில் திறந்துகொள்கிறது; அதிலும் ஆழத்தில், ஆறாமல் கிடக்கும் ஒன்றைக் கடல் எடுக்கிறது. கெல்வினுக்கு அது இறந்துபோன மனைவி ஹாரி. பத்து வருடங்களுக்கு முன் சண்டைபோட்டுவிட்டு வீட்டைவிட்டுக் கிளம்பினார். ஆய்வகத்திலிருந்து கொண்டுவந்த மருந்து ஒன்று வீட்டிலேயே இருந்தது. அது என்ன செய்யும் என்று அவரே அவளிடம் முன்பு விளக்கியிருந்தார். அவள் ஊசிபோட்டுக்கொண்டு செத்துப்போனாள். வயது 19. நகல் ஹாரிக்கும் 19தான், கையில் அந்த ஊசிக்குத்தின் சிவப்புப் புள்ளி இன்னும் இருக்கிறது. ஆனால் பாதங்களைப் பாருங்கள்: பிறந்த குழந்தையின் பாதம்போல மிருதுவாக இருக்கின்றன. அவை இதுவரை தரையில் நடந்ததே இல்லை.

நினைவு தந்ததும் தராததும்

இங்கே நிதானிக்க வேண்டும். ஹாரியின் உடம்பில் இரண்டு வகையான துல்லியம் இருக்கிறது, இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்துவதில்லை.

உடை நினைவின்படி செய்யப்பட்டது. மனைவியின் உடையை நினைத்துப்பார்க்கும் கணவனுக்கு நிறம் நினைவிருக்கும், பொத்தான் நினைவிருக்கும். பொத்தான் பின்னால் துளையில் எப்படி மாட்டுகிறது என்பது மனக்கண்ணில் இருக்காது. நினைவில் இல்லாததைக் கடல் செய்யவில்லை. பாதத்தின் காய்ப்பும் அப்படியே. ஊசிக்குத்து மட்டும் அச்சாக இருக்கிறது. குற்ற உணர்வு அதை ஒருநாளும் மறக்கவிட்டதில்லை. நினைவு விளக்க முடியாத ஓட்டையும் ஒன்று உண்டு. அவள் செத்த பிறகே கெல்வினுக்கு அறிமுகமான ஒருவரின் பெயரை ஹாரி இயல்பாகச் சொல்கிறாள். அசல் ஹாரிக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை. கெல்வின் தலையில் இருந்ததில் எது ஹாரியுடையது, எது கெல்வினுடையது என்று கடலால் பிரிக்க முடியவில்லை.

ஆனால் கெல்வின் அவள் ரத்தத்தை எடுத்துப் பார்க்கும்போது சிவப்பணுக்கள் சரியாக இருக்கின்றன, புரதங்கள் சரியாக இருக்கின்றன. எந்தக் கணவனும் மனைவியின் சிவப்பணுக்களை நினைவில் வைத்திருப்பதில்லை. ஆகவே உள்ளுறுப்புகளுக்கு நினைவு மட்டும் போதவில்லை. உயிருள்ள உடம்பு எப்படி இயங்க வேண்டும் என்பது கடலுக்கு வேறு வழியில் தெரிந்திருக்கிறது. நாவல் இதற்கு முழு விளக்கம் தருவதில்லை. என் வாசிப்பில், ஆடை வரையில் ஓவியரின் வேலை, தோலுக்கு உள்ளே பொறியாளரின் வேலை. இரண்டையும் செய்தது ஒரே கை என்றாலும் ஓவியருக்குக் கிடைத்த தகவல் குறைவு.

பரிசோதனைகள்

லெம் மருத்துவம் படித்தவர். ராணுவ மருத்துவராகப் போக நேரிடும் என்பதால் கடைசித் தேர்வை எழுதாமல் விட்டார். அந்தப் படிப்பு நாவலின் ஒவ்வொரு சோதனையிலும் தெரிகிறது. பேயைக் கண்டவர் கத்துவார், கெல்வின் அளக்கிறார்.

முதல் சந்தேகம் தன்மேல்தான்: எனக்குப் புத்தி பேதலித்துவிட்டதா? பைத்தியம் பிடித்தவர் தானே சோதித்தால் சோதனை முடிவையும் மனமே கற்பனை செய்து கொடுத்துவிடுமே. இதற்கு கெல்வின் கண்டுபிடிக்கும் வழி மிக அழகானது. கோளைச் சுற்றும் செயற்கைக்கோளிடம், அது எந்த வான்கோடுகளைக் கடக்கிறது என்ற அளவுகளை ஐந்து தசம இடத் துல்லியத்துடன் கேட்கிறார். விடை வந்த தாளைப் பார்க்காமலே இழுப்பறையில் போட்டு மூடுகிறார். பிறகு நிலையத்தின் பெரிய கணினியில் அதே கணக்கைத் தனியாகப் போடுகிறார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நான்கு தசமம் வரை அப்படியே ஒத்துப்போகிறது, ஐந்தாவதில் மட்டும் வித்தியாசம். அவ்வளவு பெரிய கணக்கை எந்த மனித மூளையும் கனவுக்குள் போட்டுக் காட்ட முடியாது. ஆகவே செயற்கைக்கோள் நிஜம், நிலையம் நிஜம், நடப்பதெல்லாம் நிஜம். ஐந்தாவது தசமத்தில் சிறு பிசகு வந்ததே நம்பிக்கையைக் கூட்டுகிறது. உள்ளூர ஏமாற்றும் மனமாக இருந்தால் எல்லாம் அச்சுப்பிசகாமல் பொருந்தியிருக்கும்.

இரண்டாவது கேள்வி, அனுப்பிவிட முடியுமா? முதலில் வந்த ஹாரியை ஒரு சிறு விண்கலத்தில் ஏற்றி மூடி ஏவிவிடுகிறார் கெல்வின். உள்ளேயிருந்து வரும் குரல் மனிதக் குரலாக இல்லை, அடிக்கும் அடியில் கலமே அதிர்கிறது. ஏவும்போது வந்த தீயில் அவருக்கும் காயம். அடுத்த தூக்கத்துக்குப் பிறகு ஹாரி மறுபடி வந்து நிற்கிறாள், எதுவும் நடக்காததுபோல. முந்தினவளுக்கு நேர்ந்தது இவளுக்குத் தெரியாது. அறையில் ஒரே மாதிரி இரண்டு வெள்ளை உடைகள் கிடப்பதுதான் மிச்சம். ரஷ்ய இயக்குநர் தார்க்கோவ்ஸ்கியின் 1972ஆம் ஆண்டுப் படத்தில் இதே இடத்தில் ஒரே மாதிரி இரண்டு சால்வைகள். வசனமே தேவைப்படாமல் வயிற்றைப் புரட்டும் காட்சி அது.

இதிலிருந்து தெரிவது, சாகாத்தன்மையில் இரண்டு அடுக்கு இருக்கிறது. இருக்கும் உடம்பு அழிந்தால் புதிய பிரதி வரும். அது அச்சுக்குச் சாவில்லை என்ற வகை, பிரதிக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. இரண்டாவது அடுக்கு அந்தந்தப் பிரதிக்குள்ளேயே இருக்கிறது. கெல்வின் அறையைவிட்டு வெளியே போய்க் கதவைச் சாத்துகிறார். அவர் கண்ணில் படாமல் போனதும் ஹாரி தவித்துப்போய்க் கதவைக் கிழித்துக்கொண்டு வருகிறாள். பத்தொன்பது வயதுப் பெண்ணின் தசையால் ஆகிற காரியமல்ல அது. கைகள் குதறிப்போய் ரத்தம் கொட்டுகிறது. கெல்வின் மருந்துக்காகப் பரபரக்கும் நேரத்துக்குள் காயம் மூடிக்கொள்கிறது.

ஏன் அவரைவிட்டுப் பிரிய முடியவில்லை என்று கேட்டால் அவளுக்கே தெரியவில்லை. அவள் கிளம்பி வந்த மூலப்படி அவர் தலைக்குள் இருக்கிறது என்பதை நினைத்தால் அந்தத் தவிப்பில் ஒரு நியாயம் தெரிகிறது.

மூன்றாவது சோதனை ரத்தம். இதை மட்டும் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். ஒரு துளி எடுத்துக் கண்ணாடித் தகட்டில் வைக்கிறார். நுண்ணோக்கியின் பெருக்கத்தைக் கூட்டிக்கொண்டே போகிறார். ரத்தச் செல்கள் தெரியும் நிலை வரை எல்லாம் ஒழுங்கு. மூலக்கூறுகள் வரைக்கும் மனித ரத்தம்தான். இன்னும் ஒரு படி கூட்டினால் அந்த மூலக்கூறுகளை ஆக்கும் வேதியணுக்கள் (atoms) மங்கலாகத் தெரிய ஆரம்பிக்க வேண்டும். திரை வெறுமையாக ஒளிர்கிறது. கருவி கெடவில்லை. அங்கே பார்க்க எதுவும் இல்லை. பிறகு செறிந்த அமிலம் ஒரு சொட்டு விடுகிறார். ரத்தம் நுரைத்துச் சாம்பல் நிறமாகிறது, புரதம் சிதைகிறது, எதிர்பார்த்தபடியே. சற்றுப் பொறுத்துப் பார்த்தால் அந்தச் சாம்பல் படலத்துக்கு அடியில் சிவப்பு மறுபடி ஊறி வருகிறது. உடம்பிலிருந்து பிரிந்த ஒரு துளியும் தன்னைத் தானே கட்டிக்கொள்கிறது.

நியூட்ரினோ உடம்பு

கெல்வின், ஸ்னாவுட், நிலையத்து இயற்பியலாளர் சார்ட்டோரியஸ் மூவரும் காணொளித் தொலைபேசியில் கலந்து பேசும்போது சார்ட்டோரியஸ் சொல்லும் முடிவு: நம் உடம்பு வேதியணுக்களால் ஆனது, இவர்களுடையது நியூட்ரினோக்களால் ஆனது. செல், புரதம் எல்லாம் மேல்பூச்சு. உண்மையான கட்டுமானம் அதற்கும் வெகு கீழே, மிகச் சிறிய துகள்களில் இருக்கிறது. நியூட்ரினோக்களால் தாமாகச் சேர்ந்து நிற்க முடியாது என்பதால் அவற்றை ஏதோ ஒரு புலம் பிடித்துவைத்திருக்க வேண்டும். அந்தப் புலத்தைத் தருவது கடல்.

காயம் ஆறும் விதம் இப்போது விளங்குகிறது. நம் உடம்பில் காயம் ஆற வேண்டுமானால் உறைவு, புதுச் செல், புதுத் தசை என்று நாட்கணக்கில் கட்டட வேலை நடக்க வேண்டும். ஹாரியின் உடம்பில் சேதமாவது மேல்பூச்சு மட்டும். அமிலம், கத்தி, குளிர் எதுவும் வேதியணுக்களோடும் மூலக்கூறுகளோடும்தான் மோதும். அடியில் உள்ள வார்ப்பை அவற்றால் தொட முடியாது. வார்ப்பு இருக்கும்வரை மேல்பூச்சு மறுபடி படியும். ஆகவே சாகாவரம் என்று நாம் சொல்வது அவளுக்குள் இருக்கும் வரமே அல்ல. வெளியிலிருந்து ஒவ்வொரு கணமும் நடக்கும் பராமரிப்பு அது.

லெம் இந்தத் துகளைத் தேர்ந்தெடுத்த காலம் முக்கியம். இப்படி ஒரு துகள் இருக்க வேண்டும் என்று வோல்ஃப்காங் பவுலி சொன்னது 1930இல். கோவனும் ரைன்ஸும் அதை ஆய்வில் பிடித்துக்காட்டியது 1956இல், நாவலுக்கு வெறும் ஐந்து வருடம் முன்னால். அன்றைக்கு அது புத்தம்புதுப் பொருள்.

இயற்பியலாகப் பார்த்தால் இங்கே பெரிய இடறல் இருக்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. நியூட்ரினோவுக்கு மின்னூட்டம் கிடையாது. அணுக்கருவைச் சேர்த்துப்பிடிக்கும் வலுவிசையும் அதைத் தொடாது. சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோக்கள் நம் விரல்நக அளவு இடத்தில் மட்டும் விநாடிக்குச் சுமார் 6,500 கோடி கடந்துபோகின்றன. நமக்கு ஒன்றும் தெரிவதில்லை. தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தில் திட்டமிட்ட ஆய்வகத்தை ஒட்டி எழுந்த எதிர்ப்பினால் நியூட்ரினோ என்ற சொல் தமிழ்நாட்டில் வீட்டுச்சொல்லாகவே ஆகிவிட்டது. அங்கே வைக்க நினைத்த கருவிக்கு 50,000 டன் காந்தமேற்றிய இரும்பு வேண்டியிருந்தது. அத்தனை இரும்பைக் குறுக்கே வைத்தாலும் அபூர்வமாக ஏதோ ஒன்றிரண்டுதான் மோதும் என்பதால்தான் அவ்வளவு இரும்பு. அப்படிப்பட்ட துகளால் ஆன பெண் ஒளியை எதிரொளிக்க மாட்டாள், நாற்காலியில் உட்கார முடியாது, கதவைக் கிழிப்பது எப்படி? 1998இல் நியூட்ரினோவுக்கு மிகச் சிறிய நிறை உண்டு என்பதற்குச் சான்று கிடைத்தது. அதனாலும் இந்தச் சிக்கல் தீராது.

நாவலுக்குள் இதற்குச் சமாதானம், அந்தப் புலம். கடல் நியூட்ரினோக்களைப் பிடித்துவைப்பதோடு நிற்காமல், வெளியே தெரியும் இடத்தில் அவை வேதியணுக்கள்போல நடந்துகொள்ளவும் செய்கிறது. நிரூபிக்க முடியாத அனுமானம்தான். ஆனால் கதைக்கு லெம்முக்குத் தேவைப்பட்டது துல்லியமான ஒரு குணம்: வெளியிலிருந்து தாங்கிப் பிடிக்காவிட்டால் கணத்தில் கலைந்துபோகிற உடம்பு. அதற்கு இதைவிடப் பொருத்தமான துகள் 1961இல் கிடைத்திருக்காது. 2002இல் ஸ்டீவன் சோடர்பர்க் இதே கதையைப் படமாக்கியபோது நியூட்ரினோவை விட்டுவிட்டு, துகள்களுக்கு நிறை தரும் ஹிக்ஸ் புலத்துக்குத் தாவினார்கள். ஹிக்ஸ் துகள் ஆய்வில் பிடிபட்டது அதற்கும் பத்து வருடம் கழித்து. எப்போதும் அந்தந்தக் காலத்தின் புதிரான துகள்தான் ஹாரிக்கு உடம்பாகிறது.

சாக முயல்வது

கிபாரியன் விட்டுப்போன ஒலிப்பதிவைக் கேட்டுத் தான் என்ன என்பதை ஹாரி தெரிந்துகொள்கிறாள். புராணத்தில் சூரியனின் வெப்பம் தாங்காமல் தன் நிழலையே சாயா என்ற பெண்ணாக்கி வைத்துவிட்டுப் போன அவன் மனைவியின் கதை நமக்குத் தெரியும். அந்தச் சாயாவுக்குத் தான் யாருடைய நிழல் என்பது முதல்நாளிலிருந்தே தெரியும். ஹாரி தன்னை ஹாரி என்றே நம்பிக்கொண்டிருந்தவள். அவள் நினைவுகள் அவளுக்கு நினைவுகளாகவே இருந்தன. திடீரென்று அவையெல்லாம் இன்னொருவருடைய தலையிலிருந்து எடுத்தவை என்று தெரிகிறது.

ஆய்வகத்தில் திரவ ஆக்சிஜன் இருக்கிறது. வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே 183 டிகிரி. அதை எடுத்துக் குடித்துவிடுகிறாள். மனித உடம்பில் அது வாயையும் தொண்டையையும் நுரையீரலையும் உறையவைத்துக் கருக்கிவிடும், பிழைக்க வழியில்லை. ஹாரிக்கும் அதேதான் நடக்கிறது, வலியும் மூச்சுத்திணறலும் உட்பட. பிறகு அடியிலுள்ள வார்ப்பிலிருந்து தொண்டை திரும்ப உண்டாகிறது, நுரையீரல் உண்டாகிறது, மூச்சு வருகிறது. சாவின் துன்பம் முழுவதும் உண்டு, சாவு மட்டும் இல்லை. படத்தில் நதால்யா பொந்தார்ச்சுக் தரையில் உறைந்து கிடந்து துடித்துத் துடித்து எழும் காட்சியைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். உயிர்த்தெழுதலை மகிழ்ச்சியாகக் காட்டிப் பழகிய நமக்கு அது ஒரு வதையாகத் தெரிகிறது. கெல்வினால் பார்த்துக்கொண்டு நிற்க மட்டுமே முடிகிறது.

இந்த முயற்சியை வெறும் விரக்தி என்று படிப்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அசல் ஹாரி விட்ட இடத்தில் நகல் தொடங்குகிறாள் என்பது உண்மைதான். தற்கொலை செய்துகொண்ட ஒருத்தியின் அச்சு என்பதால் அந்த வழி அவளுக்குள் முன்பே இருக்கிறது. ஆனால் காரணம் வேறு. அவள் கணவனைத் தண்டிக்க நினைக்கவில்லை. தன்னால் அவருக்கு ஆகும் துன்பத்தை நிறுத்த நினைக்கிறாள். அந்தக் காரணம் கெல்வினின் நினைவில் இருந்து வந்திருக்க முடியாது. அவர் நினைவிலிருந்த ஹாரி அப்படி யோசித்தவளல்ல. நகலில் மூலத்தில் இல்லாத ஒன்று முளைத்துவிட்டது.

கலைப்பதற்கான வழியும் உடம்பின் அமைப்பிலிருந்தே வருகிறது. வெட்டியும் எரித்தும் பயனில்லை என்றால் தாங்கிப் பிடிக்கும் புலத்தைத்தான் குலைக்க வேண்டும். சார்ட்டோரியஸ் அதற்கு எதிர்ப்புலம் தரும் கருவியைக் கட்டுகிறார். இன்னொரு பக்கம், கெல்வினின் விழிப்புநிலை மூளை அலைகளைப் பதிவுசெய்து, அந்த அலைவடிவில் எக்ஸ் கதிரை ஏற்றி இறக்கிக் கடலுக்கு அனுப்புகிறார்கள். தூக்கத்திலிருந்து எடுத்துக்கொண்டாய், விழித்திருக்கும் மனம் என்ன நினைக்கிறது என்பதையும் பார் என்று சொல்வதுபோல. இதில் கெல்வினுக்கு உள்ளூர ஒரு கிலி. தன் மூளையில் தனக்கே தெரியாமல், ஹாரி ஒழியட்டும் என்ற ஆசையும் இருந்தால்? அதுவும் அலையாகப் பதிவாகிக் கடலுக்குப் போய்விடுமே. ஒரு மனிதரின் முழு மூளைப்பதிவில் அன்பை மட்டும் வடிகட்டி அனுப்ப எந்தக் கருவியும் கிடையாது.

கடைசியில் ஹாரியே ஸ்னாவுட்டிடம் போய்க் கேட்டுக்கொள்கிறாள். கருவியின் வீச்சு சில மீட்டர்தான், ஆகவே அவளே பக்கத்தில் போய் நிற்க வேண்டும். அதற்குக் கெல்வினைத் தூங்கவைத்துவிட்டுத் தனியாகப் போகிறாள். இந்த இடத்தைப் பலர் வேகமாகக் கடந்துவிடுகிறார்கள். அவர் ஒரு கதவுக்கு அந்தப்பக்கம் போனதையே தாங்காமல் கதவைக் கிழித்தவள் இவள். இப்போது அவரை அறையில் விட்டுவிட்டு, பொய் சொல்லி, நிலையத்தின் நடைவழியில் தானாக நடந்து போகிறாள். கடல் போட்ட முதல் விதியே அவளிடம் செல்லாமல் போயிருக்கிறது. உடம்பு கலைந்த விதத்தை ஸ்னாவுட் பிறகு சொல்கிறார்: ஒரு ஒளிவெட்டு, சிறிய காற்று, அவ்வளவுதான். அதற்குப் பிறகு எந்தத் தூக்கத்திலிருந்தும் ஹாரி திரும்பி வரவில்லை.

இரண்டு பெரிய படங்களும் இந்தப் பொறியமைப்பை அநேகமாக அப்படியே வைத்துக்கொண்டு எடையை வேறிடத்தில் வைத்தன. தார்க்கோவ்ஸ்கி நாவலில் இல்லாத பூமியையும் தகப்பன் வீட்டையும் சேர்த்தார். அவர் எடுத்தது சோலாரிஸ் அல்ல, தஸ்தயேவ்ஸ்கியின் 'குற்றமும் தண்டனையும்' என்று லெம் கோபப்பட்டார். சோடர்பர்க் படம் வந்தபோதும், தன் புத்தகத்தின் பெயர் சோலாரிஸ், விண்வெளிக் காதல் அல்ல என்று எழுதினார். லெம்முக்குக் கடல்தான் கதாநாயகன். மனிதரால் ஒருபோதும் புரிந்துகொள்ள முடியாத ஒன்றின் எதிரே மனிதர் நிற்பதுதான் அவர் எழுத வந்த விஷயம். அவர் சொன்னது சரி. ஆனாலும் வாசகர்கள் ஹாரியை விடவில்லை, அதுவும் சரிதான். கடல் ஏன் செய்தது என்பதற்கு விடை இல்லை. அது வதைக்க நினைத்ததா, பரிசு தர நினைத்ததா, நினைத்தது என்ற சொல்லே அதற்குப் பொருந்துமா என்பதெல்லாம் நாவலில் திறந்தே கிடக்கின்றன. ஹாரி மட்டும்தான் அந்தக் கடலிலிருந்து வந்து மனித மொழியில் பேசியவள்.

அவள் கெல்வினுக்கு ஒரு சிறு கடிதம் விட்டுப்போகிறாள். தானேதான் கேட்டுக்கொண்டேன், ஸ்னாவுட்டின் மேல் தப்பில்லை, பொய் சொல்ல நேர்ந்ததற்கு வருத்தம் என்று சில வரிகள். கீழே கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சொல் எழுதி அடிக்கப்பட்டிருக்கிறது. கெல்வின் உற்றுப் பார்க்கிறார். ஹாரி என்று எழுதிவிட்டு, பிறகு அந்தப் பெயரை அவளே அடித்திருக்கிறாள்.